தபோகையின் தாகம்

தபோகை குடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு ஆள் இன்னொரு ஆளின் கழுத்தை நெரிப்பதுபோல இருக்கும். சிரட்டைக் குடுவையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, தலையைப் பின்னால் தள்ளி, மூச்சு விடாமல் ஊற்றிக்கொள்வான். தொண்டைக்குழி ஏறி இறங்கும். கண் மேலே சொருகும். கடைவாயில் வழிந்த பதநீர் மார்பில் இறங்கித் தொப்பை மடிப்பில் தேங்கும். குடுவை காலியானதும் அதை உதறி, உள்ளே எட்டிப் பார்த்து, யாரோ ஏமாற்றிவிட்டதுபோல முறைப்பான். அன்று காலையிலும் அப்படித்தான். தம்பி பகோவா மூன்று தென்னை ஏறி இறங்கிக் கொண்டுவந்த பதநீர் முழுவதையும் நின்ற நிலையில் குடித்து முடித்துவிட்டு, "சாயங்காலம் கூடுதலா இறக்குடா. இது நாக்குல பட்டதோட சரி" என்றான். பகோவாவின் பிள்ளைகள் தகரக் குவளைகளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா போன பிறகு குவளைகளை எடுத்த இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு விளையாடப் போனார்கள். அவர்களுக்கு இது பழகிவிட்டது.

அண்ணன் கேட்டால் கொடுக்காமல் என்ன செய்வது. அவர்களுடைய அந்தச் சின்னத் தீவில் சொந்தக்காரன் ஒருவன் 'புபுசி', உரிமையில் கேட்கிறேன் கொடு, என்று சொல்லிக் கையை நீட்டிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சைக்கிளைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும், வலையைக் கேட்டாலும் கொடுக்க வேண்டும், பெற்ற பிள்ளையை வளர்க்கக் கேட்டாலும் பாயோடு சுருட்டிக் கொடுத்துவிட்டு அடுப்படியில் போய் அழுதுகொள்ள வேண்டும். வீட்டில் இல்லாத பொருளை இல்லை என்று சொல்லலாம், அதில் குற்றமில்லை. இருக்கிற பொருளை இல்லை என்று சொன்னவனை நாய்கூட மதிக்காது. அவன் பேரனுக்குப் பெண் கேட்டுப் போகும்போதுகூட, "உங்க தாத்தா ஒரு புபுசிய மறுத்தவருல்ல?" என்று எவனாவது பல்லைக் குத்திக்கொண்டே கேட்பான். பகோவாவும் இந்த ஊரில் பிறந்தவன்தான். ஆகவே காலையிலும் மாலையிலும் ஏறினான், சீவினான், இறக்கினான், கொடுத்தான்.

ஆனால் போன வாரம் நர்ஸ் ரூத்தா அவனைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். வடக்குத் தீவிலிருந்து மாற்றலாகி வந்த சின்னப் பெண். தபோகையிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய்த் தம்பியைப் பிடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரித் திண்டில் தபோகை காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். ரூத்தா அவன் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தி எடுத்தாள். விரல் போன பிறகும் குழி அப்படியே நின்றது. "நீங்களும் அமுக்கிப் பாருங்க" என்றாள் பகோவாவிடம். அண்ணன் உடம்பில் தன் விரல் அவ்வளவு சுலபமாக உள்ளே போகும் என்று பகோவா நினைத்ததில்லை. அந்தக் கால் எத்தனை தடவை அவன் விலாவில் இறங்கியிருக்கிறது! அப்போதெல்லாம் கல்லாக இருந்த கால், இப்போது புளித்த மாவு மாதிரி அமுங்கியது. அவனுக்கு முதலில் அருவருப்பாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது.

"இவருக்கு சர்க்கரை ஏற ஏறத் தாகம் எடுக்கும்" என்றாள் ரூத்தா. "தாகம் எடுக்க எடுக்கப் பதநீ குடிக்கிறாரு. குடிக்கக் குடிக்க சர்க்கரை ஏறுது. மூத்திரத்துல நுரை நுரையா வருது. கிட்னி பாதிக்கு மேல போயிருச்சு. மிச்சமும் போனா ரத்தத்த மெஷின்ல விட்டுக் கழுவணும். அதுக்கு விமானம் ஏறி வேற தேசம் போகணும். நாம போற காரியமா அது?"

தபோகை சிரித்தான். அவன் வீட்டுக்குப் பின்னால் ஒன்றுக்குப் போகிற இடத்தில் எறும்பு மொய்க்கிற கதையை ஊரெல்லாம் சொல்லி ஏற்கனவே சிரிக்க வைத்திருந்தான். தன் மூத்திரத்துக்கே இவ்வளவு கிராக்கி என்றால் தன் ரத்தத்துக்கு எவ்வளவு இருக்கும் என்பான். நர்ஸிடமும் அதையே சொன்னான். தாய்ப்பால் வற்றிய பிள்ளைக்குப் பதநீரைப் புகட்டித்தான் இந்த ஊரே வளர்ந்திருக்கிறது, அது விஷமாம், உப்புக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீர் மருந்தாம், நல்ல படிப்புதான் படித்திருக்கிறாய் என்றான். அவன் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. மழை பெய்து மாசக்கணக்காகிறது. தொட்டிகள் காய்ந்து கிடந்தன. மாதா கோயில் தொட்டியில் மட்டும் அடிமட்டத்தில் கொஞ்சம் தண்ணீர், வீட்டுக்கு ஒரு வாளி என்று பூட்டுப் போட்டு அளந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் குடித்தவனுக்குக் குடிக்காதவனைவிடத் தாகம் எடுக்கும்.

மறுநாளே பகோவா தன் வீட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனான். பதநீருக்குப் பதில் இதைக் குடி, எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும் என்றான். தபோகை வாளியைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். பிறகு வாளியை மெதுவாகச் சாய்த்துத் தன் காலைக் கழுவினான். ஒரு பாதம், பிறகு மறு பாதம். விரலிடுக்கெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அவன் மனைவி தினாய் ஓடிவந்து வாளியைப் பிடுங்குவதற்குள் மணல் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. பகோவா காலி வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வருகிற வழியில் ஒரு பலாக்கட்டையில் வாளியை ஓங்கி ஓங்கி அடித்தான். அது நசுங்கி வாய் கோணிப்போன பிறகுதான் நிறுத்தினான்.

இதையெல்லாம் யோசித்துத்தான் அன்று காலை, அண்ணன் குடித்துவிட்டுப் போன கையோடு, சீவுகத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடியும் மரம் ஏறினான். முதல் மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, நாள்கணக்கில் கட்டிப் பதப்படுத்தி வளைத்து வைத்திருந்த பாளையை அடியோடு வெட்டினான். அது ஒரே வெட்டில் போகவில்லை. பகோவா வெறி பிடித்தவன்போல வெட்டினான். சாறு கண்ணில் தெறித்தது. விரியாத இளம் பாளைகளையும் விடவில்லை, குருத்தைத் தவிர எல்லாவற்றையும் கொத்தித் தள்ளினான். இரண்டாவது மரம், மூன்றாவது மரம். கீழே அவன் மனைவி நின்று, பிள்ளைங்க வாயில மண்ண அள்ளிப் போடுறியே பாவி என்று கத்தினாள். அவனுக்குக் காதில் விழுந்தது. ஆனால் அவன் கணக்கு வேறு: இருப்பதை இல்லை என்று சொன்னால்தானே பாவம்? இல்லாததை இல்லை என்று சொன்னால் எந்தச் சபை என்னைக் கேட்க முடியும்?

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அண்ணனைக் காப்பாற்றத்தான் வெட்டினான். ஆனால் ஒவ்வொரு பாளையாக விழும்போது அவனுக்கு உள்ளே ஒரு குளிர்ச்சியும் இருந்தது. சின்ன வயதில் ஒருநாள் மரத்திலிருந்து இறங்கும்போது குடுவையைச் சிந்திவிட்டதற்காகத் தபோகை அவனைப் படகுத் துடுப்பால் அடித்தான். இடது முழங்கை முறிந்து, கோணலாகக் கூடியது. இன்றைக்கும் அந்தக் கை முழுசாக நீளாது, அரிவாள் மாதிரி வளைந்தே நிற்கும். அந்தக் கையால் மரத்தை அணைத்துக்கொண்டு நல்ல கையால் வெட்டினான். இதில் எவ்வளவு அன்பு, எவ்வளவு பழி என்று அவனுக்கே தெரியாது.

சாயங்காலம் தபோகை வந்தான். முற்றத்தில் மலைபோலக் கிடந்த பாளைகளைப் பார்த்து நின்றான். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"புபுசி" என்றான், வழக்கம்போல.

"இல்லண்ணே" என்றான் பகோவா. "இருந்தாக் குடுக்க மாட்டேனா?"

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அதுதான் வினையாயிற்று. தபோகை கூரைச் செருகலில் இருந்த துடுப்பை உருவினான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதில். பகோவா திருப்பி அடிக்கவில்லை, கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு குந்திவிட்டான். முதுகில் அடி விழுகிற சத்தம் பாய் தட்டுகிற சத்தம்போலத் தெருவெல்லாம் கேட்டது. பிள்ளைகள் அலறினார்கள். ஆனால் அடி சீக்கிரமே தளர்ந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் தபோகை துடுப்பை ஊன்றிக்கொண்டு நாய்போல இரைத்துக்கொண்டிருந்தான். உதடு வெடித்து, நாக்கு வெளியே வந்து, அது சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. முன்பெல்லாம் அவன் ஒரு பொழுது முழுக்க அடிப்பான். பகோவாவுக்குக் காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இருந்தும் அவனுக்குத் தோன்றியதெல்லாம், இவன் இவ்வளவுதான் மிச்சம் இருக்கிறான் என்பதுதான். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தபோகை அங்கிருந்து நேராகக் கைதாரா வீட்டுக்குப் போனான். கைதாரா அவர்களுக்கு அத்தை மகன். நல்லவன், கொஞ்சம் பெருமைக்காரன். தபோகை அந்தக் காலத்தில் தீவிலேயே பெயர்பெற்ற பாளைச் சீவி. மர உச்சியில் உட்கார்ந்து அவன் பாடுகிற பாட்டை வலை இழுக்கிறவர்கள் நின்று கேட்பார்களாம். அப்பேர்ப்பட்டவன் தன்னிடம் வந்து கேட்டுவிட்டானே என்று கைதாராவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெரிய குடுவையாக எடுத்துக் கொடுத்தான். அன்று முதல் தினமும் கொடுத்தான். பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லவும் செய்தான்.

பகோவா ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். இதற்குள் தபோகையின் முகம் காலையில் எழுந்திருக்கும்போது கண் மறையும் அளவுக்கு வீங்க ஆரம்பித்திருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்து சொறிந்து தோல் கிழிந்தது. சாப்பிட்டதை வாந்தி எடுத்தான், ஆனால் பதநீர் மட்டும் உள்ளே போனது. தினாய் ரகசியமாக வந்து இதையெல்லாம் சொல்லி அழுதாள். சாப்பாடு தங்காமல் தளர்ந்துகொண்டே போகிறாரே என்று பயந்து ஒருநாள் தானும் தண்ணீரில் பதநீர்ப் பாகைக் கலந்து கொடுத்ததாகச் சொன்னாள். அதைக் கேட்டு பகோவாவுக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. அவளை அறைய முடியாது, மதினி. எழுந்து கைதாரா வீட்டுக்குப் போனான்.

கைதாரா அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கி, பதநீரைப் பானையில் வடிகட்டிக்கொண்டிருந்தான். பகோவா பானையைக் காலால் உதைத்தான். அது உருண்டு கோழிகளுக்கு நடுவே போய் உடைந்தது.

"பைத்தியமாடா உனக்கு?" என்றான் கைதாரா. "கேட்டவனுக்குக் குடுக்கிறேன். நீ குடுக்க வக்கில்லாதவன், குடுக்கிறவன் பானைய உடைக்கிற."

"எங்கண்ணன நீ கொல்ற, மச்சான்."

"நான் தாகத்துக்குக் குடுக்கிறேன். அடி வாங்குன ஆத்திரத்துல அண்ணன் வாயில மண்ணு போடுறவன் நீ. யார் கொல்றான்னு ஊரக் கேளு."

பகோவா கையில் கிடைத்த சிரட்டையால் அவன் முகத்தில் அடித்தான். மூக்கெலும்பு உடைந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. கைதாரா அவன் மேல் பாய்ந்து, இருவரும் சிந்திய பதநீரில் உருண்டார்கள். கைதாரா அவன் வலது கையின் கட்டைவிரலைக் கடித்து, விடவே இல்லை. எலும்பு வரைக்கும் பல் இறங்கியது. பகோவா சிரட்டையின் உடைந்த விளிம்பை அவன் கன்னத்தில் வைத்து அழுத்தி இழுத்தான். பெண்கள் வந்து தலைமயிரைப் பிடித்துப் பிரித்தபோது இருவர் முகத்திலும் ரத்தமும் பதநீரும் மணலும் அப்பி யார் யாரென்று தெரியவில்லை. எறும்புகள் அதற்குள் வந்துவிட்டன.

ஊர்க்கூடத்தில் சபை கூடியது. அவரவர் வம்சத்துக்கு உரிய தூணடியில் அவரவர் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தபோகைக்கு உட்காருவதே சிரமமாக இருந்தது. தூணில் சாய்ந்துகொண்டு, நடுநடுவே கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தான். கைதாரா மூக்கில் துணி கட்டியிருந்தான். பேசியவர்கள் எல்லாரும் நிதானமாகத்தான் பேசினார்கள். ரூத்தாவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் கூடத்தின் ஓரத்தில் நின்று கிட்னியைப் பற்றிச் சொன்னதை மரியாதையாகக் கேட்டுத் தலையை ஆட்டினார்கள். உட்கார் அம்மா என்றார்கள். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாளையை வெட்டியது குற்றமில்லை, அவன் மரம், அவன் பாளை. கொடுத்தவனை அடித்தது குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், கேட்கிறவன் வருவான் என்று தெரிந்தே இல்லாமல் செய்துகொண்டது. அதுவும் மறுத்ததுதான் என்றார்கள்.

தீர்ப்பு இப்படி ஆயிற்று. கைதாராவுக்கு ஒரு பன்றி. அண்ணனுக்கு, அவன் சொந்த மரத்திலிருந்தே, படகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த உயரமான மரத்திலிருந்து, பகோவாவே தினமும் காலையிலும் மாலையிலும் பதநீர் இறக்கிக் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்கிறவரை வேறு யாரும் கொடுக்கத் தேவையில்லை. சபையில் எல்லாருக்கும் திருப்தி. அண்ணன் தம்பி சேர்ந்துவிட்டார்கள் என்று சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பகோவா மட்டும் இருதலைக் கொள்ளி எறும்பாக உட்கார்ந்திருந்தான். எழுந்து போகும்போது தபோகை அவன் தோளில் கையை ஊன்றினான். அந்தக் கை கனத்தது.

"நல்லாச் சீவுடா" என்றான் மெதுவாக. "நாளாச்சு அந்த மரத்துப் பதநீ குடிச்சு."

அந்த மரம் தபோகையின் மரம். கால் மரத்துப்போய், ஏறுவதற்குக் கொத்தியிருந்த படிவெட்டு தட்டுப்படாமல் ஒருநாள் வழுக்கி, பாதி வழியில் தொங்கி இறங்கியதிலிருந்து அவன் மரம் ஏறுவதை விட்டிருந்தான். அதன்பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. பகோவா ஏறி, பாளையைக் கட்டினான், வளைத்தான், தட்டிப் பதப்படுத்தினான். கடிபட்ட கட்டைவிரல் சீழ் பிடித்து வீங்கியிருந்ததால் கத்தியைப் பிடிக்கவே வலித்தது. ஆனாலும் குறை வைக்கவில்லை. நாள் சென்று பாளை சொட்ட ஆரம்பித்தது. நல்ல மரம். ஒரு பொழுதுக்குள் குடுவை நிறைந்து வழிந்தது.

பகோவா அதை மேலேயே கொட்டினான். சீவி முடித்து, நிறைந்த குடுவையை அவிழ்த்து, மட்டைகளுக்கு நடுவே சாய்த்து, மரத்தின் மறுபக்கமாக ஊற்றிவிடுவான். ஊற்றுகிற சத்தம் கேட்காமல் இருக்க உரக்கப் பாடுவான். அண்ணன் கட்டிய பாட்டையே பாடுவான். பிறகு குடுவையின் அடியில் ஒரு மடக்கு மட்டும் மிச்சம் வைத்து இறங்கி வந்து, மரம் இன்னும் கண் திறக்கவில்லை, இவ்வளவுதான் ஊறுகிறது என்பான். தபோகை அந்த ஒரு மடக்கை நாக்கில் வைத்து, உள்ளங்கையை நக்கி, மறுபடியும் கையை நீட்டுவான். "இல்லண்ணே" என்பான் பகோவா. பொய்தான். இருப்பதை இல்லை என்கிற பொய், மூன்று தலைமுறைக்கு நாறுகிற பொய். ஆனால் சில நாளில் தபோகை முகத்து வீக்கம் கொஞ்சம் வற்றியதுபோல இருந்தது. வாந்தி நின்றது என்றாள் தினாய். மாதா கோயில் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தால் திட்டிக்கொண்டே குடிக்கிறார் என்றாள். ரூத்தா அவன் விரலில் குத்திப் பார்த்துவிட்டு முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் போனாள். பகோவாவுக்கு அது போதும். இந்தப் பொய்யோடு நரகத்துக்குப் போகவும் தயாராக இருந்தான்.

எறும்பை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

அன்று மாலை அவன் மேலே ஏறி, பாளையைப் புதிதாகச் சீவி, நிறைந்த குடுவையை அவிழ்த்துக் கையில் எடுத்திருந்தான். காலிக் குடுவையை இன்னும் கட்டவில்லை. பாட்டின் இரண்டாவது அடியைப் பாடிக்கொண்டே பதநீரை ஊற்றப்போனவன் கீழே பார்த்தான். தபோகை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கண் மங்கல், நாலு முழத்துக்கு மேல் சரியாகத் தெரியாது. அவன் மரத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தான். மரத்தின் மறுபக்கம் மேலிருந்து கீழ்வரை கறுப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கோட்டில் உள்ளங்கையை வைத்து, கை நிறைய ஏறிய எறும்புகளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு கையை நக்கினான்.

தபோகைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இடுப்பு வேட்டியை இழுத்துக் கட்டினான், அதில் பழைய சீவுகத்தி செருகியிருந்தது. முதல் படிவெட்டில் வீங்கிய பாதத்தை வைத்தான். பாதத்துக்கு உணர்ச்சி கிடையாது. வெட்டு எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை, கையால் காலைப் பிடித்து அதில் வைத்துவிட்டு ஏறினான்.

"அண்ணே, எறங்கு" என்று கத்தினான் பகோவா. "நானே எறங்கி வரேன். எறங்குண்ணே."

தபோகை ஏறிக்கொண்டே இருந்தான். மூச்சு வாங்குவது மேலே கேட்டது. பகோவா இறங்கவும் முடியாது, மரம் ஒற்றைத்தடம், இறங்கினால் அண்ணன் தலையில்தான் கால் வைக்க வேண்டும். தினாய் கொட்டகைப் பக்கமிருந்து ஓடிவந்து, பார்த்து, வாயில் அடித்துக்கொண்டாள். கைதாரா எங்கிருந்தோ மூக்குத் துணியோடு வந்தான். கீழே நின்று கையை விரித்துப் பிடிக்கிறவன்போல இங்கும் அங்கும் நகர்ந்தான். அந்த உயரத்திலிருந்து விழுகிற ஆளை யார் பிடிக்க முடியும்?

உச்சிக்கு ஒரு ஆள் உயரம் கீழே தபோகை நின்றுவிட்டான். அதற்கு மேல் உடம்பு வரவில்லை. மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகத்தை மேலே தூக்கினான். முகம் முழுக்க எறும்பு. கண்ணோரத்திலும் உதட்டிலும் எறும்பு. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"எவ்வளவு நாளாடா கொட்டுற?"

பகோவா நிறைந்த குடுவையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"என்னோட மரம். என்னோட பாட்டு" என்றான் தபோகை. "என் பாட்டப் பாடிக்கிட்டே கொட்டுறியா?"

அவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவி, பிடியை விடாமல் மேல்நோக்கி வீசினான். எட்டவில்லை. மட்டையில் பட்டு ஒரு சிராய் தெறித்தது. இரண்டாவது வீச்சு பகோவாவின் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் அண்ணனின் தோளில் சொட்டியது. மூன்றாவது வீச்சுக்கு அவனிடம் தெம்பில்லை, கத்தி கையிலிருந்து நழுவிக் கீழே போய் மணலில் குத்தி நின்றது. பகோவாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நாள் சேர்த்து வைத்த அத்தனை அடிக்கும் சேர்த்து வந்தது. குடுவை நிறையப் பதநீர் கையில் இருக்கிறது, காலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். ஒரு கணம் அப்படி நினைத்தான். நினைத்ததை அவன் பிறகும் மறைக்கப்போவதில்லை.

தபோகை மரத்திலிருந்து ஒரு கையை எடுத்து மேலே நீட்டினான்.

"புபுசி, தம்பி" என்றான். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. "ஒரு வாய்."

நீட்டிய கையின் கனத்தில் அவன் உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது. உணர்ச்சியில்லாத பாதம் படிவெட்டிலிருந்து நழுவியது அவனுக்கே தெரியவில்லை. மேலிருந்த பகோவாவுக்குத் தெரிந்தது. குடுவையை விட்டான். அது கீழே விழுந்து உடைகிற சத்தம் கேட்பதற்குள் மட்டைகளின் மேல் குப்புற விழுந்து, ஒரு காலை மட்டையில் கோத்து, அண்ணனின் மணிக்கட்டை வலது கையால் பிடித்தான். சீழ்பிடித்த கட்டைவிரல் பிளந்துகொண்டது. பிடி வழுக்கியது. கோணல் கையை அண்ணனின் அக்குளுக்குள் நுழைத்தான். நீளாத கை, மடங்கியே நிற்கிற கை. அது கொக்கி மாதிரிப் போய் மாட்டிக்கொண்டது. அந்த முழங்கை முறிந்த அன்றைக்குக்கூட அவன் இப்படிக் கத்தியதில்லை.

கீழே கைதாரா, "விட்டுராத மச்சான், விட்டுராத, நான் ஏறிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மரத்தில் கால் வைத்தான். தினாய் யாரையோ கூப்பிட்டு அலறினாள். தபோகை தொங்கினான். கனமான ஆள். அவன் மணிக்கட்டில் பகோவாவின் விரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியாக இறங்கியிருந்தன. அவன் காலை எங்காவது ஊன்றப் பார்க்கவில்லை. கீழே பார்க்கவில்லை. மேலேதான் பார்த்தான்.

புதிதாகச் சீவிய பாளை, குடுவை கட்டாமல், அவன் முகத்துக்கு நேர் மேலே வளைந்து நின்றது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, நீண்டு, அவன் நெற்றியில் விழுந்தது. அடுத்தது மூக்கில். தபோகை தலையைக் கொஞ்சம் திருப்பினான். கவனமாக, கூரை ஒழுகுகிற இடத்தில் பாத்திரத்தை நகர்த்தி வைப்பதுபோலத் திருப்பி, வாயைத் திறந்தான். அதற்கடுத்த சொட்டு நேராக நாக்கில் விழுந்தது.

"மூடுண்ணே" என்றான் பகோவா. "வாய மூடு."

தபோகை கண்ணை மூடினான். தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கியது. பகோவாவின் இரண்டு கையும் அண்ணனிடம் இருந்தன. பாளை நுனியில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.